அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்துப் போட்டது நான்தான், டாக்டர்

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. நடக்கும்போது வலது காலில் செருப்பு தானாகக் கழன்று போகிறது என்று ஒருநாள் சொன்னார், அதுதான் ஆரம்பம். வலி எதுவும் இல்லை. குடும்ப மருத்துவர் விட்டமின் ஊசி போட்டார். எலும்பு மருத்துவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, இடுப்பில் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார். நாலு மாதம் பிசியோதெரபி, அப்புறம் முதுகில் அறுவை சிகிச்சை. தேறவில்லை. இடது காலும் தளர்ந்தது, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, தொடையில் தசை தானாகத் துடிக்க ஆரம்பித்தது. கடைசியில் ஒரு நரம்பியல் மருத்துவர் பரிசோதித்து ஏ.எல்.எஸ். என்றார், தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக அழியும் நோயாம். முதல் அறிகுறியிலிருந்து 16 மாதம் போய்விட்டது. இப்போது கைத்தடியோடு நடக்கிறார், பேச்சு தெளிவாக இருக்கிறது. நோயின் பெயரை அவரிடம் சொல்லவில்லை, 'நரம்புத் தளர்ச்சி' என்று சொல்லி வைத்திருக்கிறோம். முதலிலேயே கண்டுபிடித்திருந்தால் அப்பாவைக் காப்பாற்றியிருக்கலாமா? அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்துப் போட்டது நான்தான், டாக்டர். இன்னொருவரிடம் காட்டிப் பார்க்கலாமா? அப்பாவிடம் சொல்லலாமா, வேண்டாமா?

பதில்: முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை மனதில் வைத்துக்கொண்டு நீங்கள் மற்றதைப் படிக்க முடியாது. இல்லை அம்மா, காப்பாற்றியிருக்க முடியாது. செருப்பு கழன்ற அந்த வாரமே கண்டுபிடித்திருந்தாலும் இந்த நோயைக் குணமாக்கும் மருந்து யாரிடமும் இல்லை. 1869-இல் பாரிஸில் சார்க்கோ என்ற மருத்துவர் இதை விவரித்தார். அதற்குப் பிறகு 1995-இல்தான் ரிலூசோல் என்ற முதல் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்த மருந்தும் ஆய்வுகளில் சராசரியாக இரண்டு மூன்று மாதங்கள்தான் ஆயுளை நீட்டியது. நீங்கள் கையெழுத்துப் போட்ட தாள் அப்பாவுக்கு இந்த நோயைக் கொண்டுவரவில்லை, ஒரு வைத்தியத்தை அவரிடமிருந்து பறிக்கவும் இல்லை.

அதற்காக அந்த 16 மாதங்களால் நஷ்டமே இல்லை என்று உங்களைச் சமாதானப்படுத்தப் போவதில்லை. நஷ்டம் இருக்கிறது. தேவையில்லாத ஓர் அறுவை சிகிச்சையின் வேதனை, "உடற்பயிற்சி ஒழுங்காகச் செய்தால் சரியாகிவிடும்" என்று நம்பி தினமும் தோற்றுப்போன ஒரு மனிதரின் அலுப்பு, பேசி முடிவெடுக்க வேண்டியதையெல்லாம் பேச ஆரம்பிக்காமலே கழிந்த நாட்கள். மருந்தைவிட இந்தக் கடைசி நஷ்டம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதைப் பற்றிக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

ஏன் இவ்வளவு நாளாகிறது என்று கேட்டால், உங்கள் அப்பாவுக்கு நடந்தது அபூர்வமான விபத்து இல்லை. எந்த நாட்டில் எடுத்த கணக்கைப் பார்த்தாலும் முதல் அறிகுறியிலிருந்து நோயின் பெயர் தெரிய ஏறக்குறைய ஒரு வருடம் ஆகிறது, 10 மாதம் முதல் 16 மாதம் வரை. நல்ல கருவிகள், நல்ல மருத்துவர்கள் இருக்கும் இடங்களிலும் இதே கதைதான், பல பத்தாண்டுகளாக இந்தக் கணக்கு பெரிதாகக் குறையவே இல்லை.

ஒரு காரணம் நோயிடமே இருக்கிறது. மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் தசைகளுக்கு உத்தரவு கொண்டுபோகும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. ஒன்று செத்தால் அது பார்த்துக்கொண்டிருந்த தசை நார்கள் அநாதையாகிவிடும், ஆனால் பக்கத்திலிருக்கும் நல்ல நரம்பு புதிதாகக் கிளைவிட்டு அந்த நார்களையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும். இப்படி அக்கம்பக்கம் தாங்கித் தாங்கி, இனி தாங்க ஆளில்லை என்ற நிலை வரும்போதுதான் கால் தடுக்குகிறது. அதாவது உங்கள் அப்பா அன்றைக்குச் செருப்பைப் பற்றிச் சொன்னபோது நோய் தொடங்கிப் பல நாளாகியிருக்கும். அந்தத் தாமதத்துக்கு யாரும் பொறுப்பில்லை.

அடுத்தது, இது எங்கே வேண்டுமானாலும் தொடங்கும். காலில் தொடங்கினால் எலும்பு மருத்துவர், குரல் குழறினால் காது மூக்கு தொண்டை மருத்துவர், கையில் தொடங்கினால் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது என்று அங்கே ஓர் அறுவை சிகிச்சை. எந்த வாசலைத் தட்டினோமோ அந்த வாசலுக்குரிய நோய்தான் முதலில் கண்ணில் படும். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஒரு வருடத்தில் லட்சம் பேரில் சுமார் இரண்டு பேருக்குப் புதிதாக வரும் நோய் இது. குடும்ப மருத்துவர் ஒருவர் தன் முழு வாழ்நாளில் ஒன்றோ இரண்டோ பார்த்திருப்பார்.

அப்புறம் ஸ்கேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் அப்பாவைத் திசைதிருப்பியது அதுதான். முதுகில் எந்தத் தொந்தரவும் இல்லாத ஆட்களை ஸ்கேன் செய்த பல ஆய்வுகளை 2015-இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் டிஸ்க் தேய்மானம் தெரிந்தது, அவர்கள் யாருக்கும் வலி இல்லை. 61 வயதில் இடுப்பைப் படமெடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு ஏதாவது தேய்ந்தோ பிதுங்கியோதான் இருக்கும். படத்தில் ஒன்று தெரிகிறது, காலில் ஒரு குறை இருக்கிறது, இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுவது மிகச் சுலபம், அந்த முடிச்சை ஆளைத் தொட்டுப் பரிசோதித்துத்தான் அவிழ்க்க முடியும்.

உங்கள் கடிதத்தில் 'வலி எதுவும் இல்லை' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் கண் அங்கேதான் நின்றது. டிஸ்க் நரம்பை அழுத்தினால் பெரும்பாலும் வலிக்கும், காலில் மரத்துப்போகும், எரியும். வலியும் இல்லை, மரப்பும் இல்லை, ஆனால் பலம் மட்டும் மாதாமாதம் குறைகிறது என்றால் அது நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம். இன்னொன்று: தண்டுவடம் கீழ் முதுகின் அடி வரை வருவதில்லை, இடுப்புப் பகுதியின் முதல் முள்ளெலும்பு அளவிலேயே முடிந்துவிடுகிறது, அதற்குக் கீழே இருப்பவை நரம்பு வேர்கள்தான். அந்த வேர்களை டிஸ்க் அழுத்தினால் முட்டியையோ குதிகாலையோ சுத்தியலால் தட்டும்போது வரும் துள்ளல் குறையத்தான் செய்யும், அதிகமாகாது. மெலிந்துபோன காலில் துள்ளல் அதிகமாக இருந்தால் கீழ் முதுகின் மேல் பழி போட வழியே இல்லை. ஐந்து நிமிடத்தில் ஒரு ரப்பர் சுத்தியல் சொல்லிவிடும் செய்தி இது. உங்கள் அப்பாவின் கால் மேல் அந்தச் சுத்தியல் எப்போது முதலில் பட்டது என்று எனக்குத் தெரியாது, ஆனால் என்னிடம் வரும் பலருக்கு ஸ்கேன் இரண்டு மூன்று முறை முடிந்த பிறகுதான் பட்டிருக்கிறது.

நானும் தவறவிட்டிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன்னால் பேச்சு குழறுகிறது என்று ஒரு பெண்மணி வந்தார். மூளை ஸ்கேனில் வயதுக்கு ஏற்ற சின்னச் சின்னப் புள்ளிகள் இருந்தன, சிறிய பக்கவாதம் என்று ஆஸ்பிரின் எழுதிக்கொடுத்து அனுப்பினேன். பக்கவாதம் நொடியில் வருவது. அவர் "கொஞ்சங் கொஞ்சமா வந்துச்சு டாக்டர்" என்று என் எதிரில் உட்கார்ந்து சொன்னார், நான் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு மாதம் கழித்து நாக்கை நீட்டச் சொன்னபோது நாக்கு முழுக்கத் துடித்துக்கொண்டிருந்தது. அந்த நாலு மாதம் என் கணக்கில்தான் இருக்கிறது. குழறும் பேச்சோடு யார் வந்தாலும் அன்றிலிருந்து முதலில் நாக்கைப் பார்க்கிறேன், அப்புறம்தான் படம்.

நரம்பியல் மருத்துவரிடம் வந்த பிறகும் சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். இந்த நோயை உறுதிசெய்ய ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை என்று எதுவும் கிடையாது. பரிசோதனை, ஊசி வைத்துத் தசையின் மின்னோட்டத்தைப் பார்க்கும் ஈ.எம்.ஜி., மற்ற நோய்களை ஒவ்வொன்றாக விலக்குவது, இவையெல்லாம் சேர்ந்துதான் விடை. 1994-இல் வந்த எல் எஸ்கோரியல் அளவுகோல் ஆராய்ச்சிக்காக எழுதப்பட்டது, 'உறுதி', 'அநேகமாக', 'இருக்கலாம்' என்று படிகள் வைத்தது. 'இருக்கலாம்' என்ற படியிலேயே நின்று இறந்துபோனவர்கள் உண்டு. 2020-இல் வெளியான கோல்ட் கோஸ்ட் அளவுகோல் அந்தப் படிகளை எடுத்துவிட்டு எளிமையாக்கியது. அளவுகோல் மாறினாலும் ஒன்று மாறவில்லை: எங்களுக்கே அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லத் தயக்கம். "மூன்று மாதம் கழித்து வாருங்கள், பார்க்கலாம்" என்பதில் பாதி மருத்துவம், மீதி அந்தத் தயக்கம். எங்கள் துறையில் யாரும் இதை வெளியில் சொல்லிக்கொள்ள விரும்புவதில்லை, நான் சொல்லிவிடுகிறேன்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு நடுவில் ஒரு வார்த்தை. கண் இமை துடிக்கிறது, கெண்டைக்கால் துடிக்கிறது என்று இப்போதே பயந்துவிடாதீர்கள். பலம் குறையாமல் வெறும் துடிப்பு மட்டும் இருந்தால் அது கிட்டத்தட்ட எப்போதுமே தீங்கில்லாதது. கவலைப்பட வேண்டியது, செய்ய முடிந்த ஒரு வேலை செய்ய முடியாமல் போவதும், அது வாரத்துக்கு வாரம் கூடுவதும்தான்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. இன்னொருவரிடம் காட்டலாம், காட்டவும் வேண்டும், ஆனால் ஒரே ஒருவரிடம், இந்த நோயையே அதிகம் பார்ப்பவரிடம். ஏ.எல்.எஸ். போலவே தோன்றி, வேறாக இருக்கும் நோய்கள் சில உண்டு, அவற்றில் சிலவற்றுக்கு வைத்தியம் இருக்கிறது. இயக்க நரம்புகளில் நடுநடுவே மின்னோட்டம் தடைபடும் ஒரு நோய், அதற்கு இம்யூனோகுளோபுலின் என்ற நோய் எதிர்ப்புப் புரதத்தை ஏற்றினால் பலம் திரும்பும். கழுத்தில் தண்டுவடம் அழுந்தினாலும் கையும் காலும் சேர்ந்து தளரும். உங்கள் கடிதப்படி அப்பாவுக்கு இடுப்பு ஸ்கேன்தான் எடுத்ததாகத் தெரிகிறது, கழுத்து எடுத்தார்களா என்று பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். நரம்புகளின் மின்னோட்டச் சோதனையில் தடை எங்காவது இருக்கிறதா, தைராய்டு, பி12, தாமிரம் பார்த்தாயிற்றா என்றும் கேளுங்கள். மரபணுப் பரிசோதனை பற்றியும் பேசுங்கள். குடும்பத்தில் முன்பு யாருக்கும் இல்லை என்பதால் தேவையில்லை என்று சொல்லிவிட முடியாது, எஸ்.ஓ.டி.1 என்ற மரபணுவில் கோளாறு இருக்கும் சிலருக்கு, மொத்தத்தில் 2 சதவீதம் பேர் அளவில், 2023-இல் டோஃபெர்சன் என்ற மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றிருக்கிறது. அந்தப் பரிசோதனையின் முடிவு உங்களையும் உங்கள் உடன்பிறந்தவர்களையும் தொடும் என்பதால் ஆலோசனை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது ஆள் என்று அலைவதில் இன்னொரு ஆறு மாதம் போய்விடும். ஸ்டெம் செல் ஊசி போட்டால் எழுந்து நடப்பார் என்று சொல்பவர்கள் உங்களைத் தேடி வருவார்கள், அழகாகப் பேசுவார்கள். ஏ.எல்.எஸ்.-ஐக் குணமாக்கும் என்று நிரூபிக்கப்பட்ட ஸ்டெம் செல் சிகிச்சை எதுவும் இன்றைக்கு இல்லை. பணம் போவதுகூடப் பிறகு, அப்பாவின் தெம்பு அந்தப் பயணங்களில் போய்விடும்.

இங்கே உங்களுக்கு ஆறுதலான ஒரு செய்தியும் இருக்கிறது. நோய் வேகமாகப் போகிறவர்களுக்கு அது சீக்கிரமே தெரிந்துவிடுகிறது, மெதுவாகப் போகிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் பெயர் வைக்கத் தாமதமாகிறது. 16 மாதத்துக்கு மேலாகியும் அப்பா கைத்தடியோடு நடக்கிறார், தெளிவாகப் பேசுகிறார். இதை வைத்து நான் தேதி எதுவும் சொல்ல மாட்டேன், சொல்பவர்களையும் நம்பாதீர்கள். அறிகுறி தொடங்கி இரண்டிலிருந்து ஐந்து வருடம் என்பது பொதுவான கணக்கு, பத்து வருடத்துக்கு மேல் இருப்பவர்கள் பத்தில் ஒருவர். ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு 1963-இல் 21 வயதில் கண்டுபிடித்தார்கள், 2018 வரை இருந்தார். அதை அப்படியே அப்பாவுக்குப் பொருத்திப் பார்க்க முடியாது, ஆனால் ஆளுக்கு ஆள் இந்த நோய் எவ்வளவு மாறும் என்பதற்கு அது அத்தாட்சி.

மூன்றாவது கேள்விதான் கடினமானது. அப்பாவிடம் சொல்லுங்கள். நான் பார்த்தவரை, இப்படி மறைத்து வைத்த வீடுகளில் பெரும்பாலும் நோயாளிக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, தெரிந்ததை வீட்டாரிடம் மறைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறார். பொத்தான் போட முடியாத விரல் அவருடையது, அவருக்குத் தெரியாமல் இருக்குமா? முதுகு மருத்துவரால் போன மாதங்களை எண்ணி நீங்கள் கோபப்படுகிறீர்கள், அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் 'நரம்புத் தளர்ச்சி' என்ற சொல்லுக்குப் பின்னால் இப்போது போய்க்கொண்டிருக்கும் நாட்களும் அதே தாமதத்தில்தான் சேரும், இந்த முறை அதை நீட்டிக்கொண்டிருப்பது குடும்பம். கடுமையாகச் சொல்கிறேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். மூச்சுக்குக் கருவி வைக்கலாமா, தொண்டையில் துளையிட்டு வென்டிலேட்டர் வேண்டுமா வேண்டாமா, விழுங்க முடியாமல் போனால் வயிற்றில் குழாய் வைக்கலாமா, யாரைப் பார்க்க வேண்டும், எந்தக் கணக்கை முடிக்க வேண்டும், இதெல்லாம் அவர் வாயால் அவர் சொல்ல வேண்டியவை. இன்றைக்கு அவருக்குக் குரல் இருக்கிறது. சிலருக்கு இந்த நோய் யோசிக்கும் திறனையும் குணத்தையும்கூட ஓரளவு மாற்றும், அதுவும் சீக்கிரம் பேசிவிட ஒரு காரணம்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டாம். "டாக்டர் இதுக்கு ஒரு பேரு சொல்லியிருக்காருப்பா, தெரிஞ்சுக்கணுமா?" என்று கேளுங்கள், அவர் எவ்வளவு கேட்கிறாரோ அவ்வளவு சொல்லுங்கள். "வேண்டாம்" என்றால் அன்றைக்கு விட்டுவிடுங்கள், பெரும்பாலும் நாலைந்து நாளில் அவரே கேட்பார். குணமாகும் என்று மட்டும் சொல்லாதீர்கள், உங்களைத் தனியாக விடமாட்டோம் என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட.

அந்தக் கையெழுத்தைப் பற்றி. அன்றைக்கு உங்கள் கையில் இருந்த ஸ்கேன், எதிரில் இருந்த மருத்துவரின் வார்த்தை, அப்பா நடக்க வேண்டும் என்ற ஆசை, இவற்றை வைத்து யாராக இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள், நானும் போட்டிருப்பேன். உங்களால் முடிந்தால், கோபம் கொஞ்சம் தணிந்த பிறகு, அந்த முதுகு மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இன்னாருக்கு இன்ன தேதியில் அறுவை சிகிச்சை செய்தீர்கள், கடைசியில் நோய் இது என்று தெரிந்தது, அவ்வளவுதான். நோயாளி திரும்பி வராவிட்டால் குணமாகிவிட்டார் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொள்கிறோம். வலியில்லாமல் கால் தளர்ந்து அவரிடம் வரும் அடுத்த ஆளுக்கு அந்தக் கடிதம் உதவும்.

இனி உடனே செய்ய வேண்டியவை. ரிலூசோல் தொடங்கியாயிற்றா என்று கேளுங்கள், தொடங்கினால் கல்லீரல் சோதனை அவ்வப்போது வேண்டும். தொங்கும் பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் பட்டை ஒன்று உண்டு, அதைப் போட்டால் தடுக்கி விழுவது குறையும், ஒரு எலும்பு முறிந்தால் அப்பா இப்போது நடக்கும் நடையும் போய்விடும். எடை குறைய விடாதீர்கள், மாதம் ஒருமுறை பார்த்துக் குறித்து வையுங்கள். பேச்சு தெளிவாக இருக்கும்போதே அவர் குரலைப் பதிவு செய்யுங்கள், உங்கள் பெயரைக் கூப்பிடுவது, அவர் அடிக்கடி சொல்லும் வாக்கியங்கள், திட்டுவதுகூட. பின்னால் பேச முடியாமல் போனால் கருவி அவர் குரலிலேயே பேச வழி இருக்கிறது. நரம்பியல் மருத்துவர், நுரையீரல் மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், உணவு ஆலோசகர் எல்லாரும் ஒரே இடத்தில் பார்க்கும் மையம் எட்டும் தூரத்தில் இருந்தால் அங்கே சேர்ந்துவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் ஒன்று மட்டும் இல்லை. அப்பா எப்படித் தூங்குகிறார்? மல்லாந்து படுக்க முடிகிறதா, தலையணையை ஒன்றின்மேல் ஒன்று அடுக்குகிறாரா, இரவில் அடிக்கடி விழிக்கிறாரா, காலையில் தலைவலியோடு எழுந்திருக்கிறாரா, பகலில் உட்கார்ந்தபடியே கண் அயர்கிறாரா? மூச்சுத் தசை தளர்வதை முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இவைதான், மூச்சிரைப்பு பிறகுதான் வரும். இரவில் முகமூடி வழியாக மூச்சுக்குத் துணைசெய்யும் கருவி, 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், தொண்டைத் தசை பெரிதாகப் பாதிக்கப்படாதவர்களுக்குச் சுமார் ஏழு மாதம் ஆயுளைக் கூட்டியது, நிம்மதியான தூக்கத்தையும் கொடுத்தது. ரிலூசோலைவிட அதிகம் அது. வயிற்றுக் குழாய் வேண்டியிருந்தாலும் மூச்சு நன்றாக இருக்கும்போதே வைப்பதுதான் பாதுகாப்பு. அதனால் நுரையீரல் கொள்ளளவுச் சோதனையை உட்கார்ந்தும் படுத்தும் இரண்டு விதமாக எடுக்கச் சொல்லுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்ப எடுங்கள். இன்று இரவு அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்து அவர் தூங்குவதைப் பாருங்கள், பார்த்ததை எனக்கு எழுதுங்கள்.